சதுப்பர் குலத்துக்கு மந்திரம் கிடையாது

யாளியைத் தாண்டிப் போக ஆட்டத்தில் மற்ற மூவரும் படாத பாடு படுவார்கள் என்றுதான் சுப்பிரமணியன் நினைத்திருந்தான். அதற்காகவே ஒரு கோட்டையை வரைந்து, வாசலுக்கு வாசல் காவல் வைத்து, நடுக்கூடத்தில் யாளியைச் சங்கிலி இல்லாமல் உலவவிட்டிருந்தான். பக்கிரி ஒரே மூச்சில் முடித்துவிட்டான்.

"என் ஆளு மூடுபனிய வரவழைக்கிறான். எல்லாரும் என் துண்டப் புடிச்சிக்கிட்டு பின்னாலயே வாங்க."

இருபது முகப் பகடை உருண்டது. பக்கிரிக்கு வேண்டிய எண்ணே விழுந்தது. பனி இறங்கி, யாளியின் மூக்குக்கடியிலேயே மூன்று பேரும் புதையலோடு வெளியே வந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி கொண்டுவந்து வைத்த டீ இன்னும் ஆறவில்லை.

"இன்னாடா மணி, உன் யாளிக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடு," என்றான் கலியமூர்த்தி.

எல்லோரும் சிரித்தார்கள். சுப்பிரமணியனும் சிரித்தான். வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு உள்ளே குத்தத் தொடங்கியது.

ஆட்டம் அவனுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அந்த நாட்டுத் துலூஸ் நகரத்திலேயே தங்கிவிட்ட சித்தப்பா, எண்பத்தைந்தாம் வருஷம் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே விதவிதமான பகடைகளும் ஒரு தடித்த புத்தகமும் இருந்தன. கட்டம் போட்ட பலகை கிடையாது. ஒருவன் கதையை நடத்த வேண்டும்; மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும்; நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. நெல்லித்தோப்பில் கலியமூர்த்தி வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடிய நால்வரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் சுப்பிரமணியன் ஒருவன்தான்.

புத்தகத்தில் இருந்த குலங்களுக்கு அவனே தமிழில் பெயர் வைத்தான். மலையர் ராட்சத பலம் உள்ளவர்கள், ஆனால் குறுகிய வாசலில் நுழைய முடியாது. வனவருக்குத் தொலைதூரம் கண் தெரியும், அடி தாங்காது. சதுப்பர் சேற்று நிலத்துக் குள்ளர்கள். ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுவார்கள், ஆனால் மூடுபனி மந்திரம் அவர்களுக்கு மட்டும்தான். ஒரு குலத்துக்கு ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை எடுக்க வேண்டும். தராசுத் தட்டில் வைத்து நிறுப்பதுபோல இதை நிறுத்துப் பார்ப்பதுதான் சுப்பிரமணியனுக்கு ஆட்டத்தைவிடப் பிடித்த வேலை.

கலியமூர்த்தி மலையரை எடுத்துக்கொண்டான். அவன் தங்கை அஞ்சலாட்சி வனவரை எடுத்தாள். சதுப்பர் பக்கம் யாரும் திரும்பவில்லை, பக்கிரியைத் தவிர. அவன் மின்சார இலாகாவில் வயர்மேன். ஏன் அதைப் போய் எடுக்கிறாய் என்று கேட்டதற்கு, "மழக்காலத்துல எங்க மூலக்குளத்துல கம்பம் ஏறிப் பாரு. சேறு எனக்குப் பழக்கம்," என்றான்.

மூடுபனி மந்திரத்துக்கு வலு அதிகம்தான். அதை வைத்துக்கொண்டு எந்தச் சண்டையையும் சுற்றிப் போய்விடலாம். "பக்கிரி, இது ஆட்டத்தக் கெடுக்குது, ஒரு வரம்பு வைப்போம்" என்று சொல்லியிருந்தால் நால்வரும் கத்திக் கூப்பாடு போட்டு ஏதாவது ஒரு வழிக்கு வந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், கோட்டை தோற்றதால்தான் சொல்கிறான் என்பார்கள். உண்மையும் அதுதான்.

அடுத்த ஞாயிறு சுப்பிரமணியன் புத்தகத்தை விரித்து, ஒரு வரியின் மேல் விரல் வைத்தான்.

"போன வாரம் ஒன்ன கவனிக்காம விட்டுட்டேன். சதுப்பர் குலத்துக்கு மந்திரம் கிடையாதாம். புத்தகத்துல தெளிவா இருக்கு."

விரல் இருந்த வரியில் குதிரைகளின் தீனியைப் பற்றி எழுதியிருந்தது.

"இதென்ன அநியாயம் மணிண்ணே," என்றாள் அஞ்சலாட்சி. கலியமூர்த்தியும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சண்டைக்கு வர வேண்டியவன் வரவில்லை.

"பொஸ்தகத்துல இருந்தா சரிதான், விடு," என்றான் பக்கிரி.

"வேற குலம் வேணா மாத்திக்கோயேன்."

"அது எப்புடி? பொறந்த கொலம் பொறந்ததுதான," என்று சொல்லிச் சிரித்தான். "நான் மூட்ட தூக்கிக்கிட்டு வரேன், நடங்க."

அன்று முழுவதும் அவனுடைய சதுப்பன் மற்ற இருவரின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். பகடை அவன் கைக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

அந்த வாரம் ஆபீசில் உட்கார்ந்தாலும் சாப்பாட்டில் கை வைத்தாலும் சுப்பிரமணியனுக்குப் பக்கிரியின் அந்தச் சிரிப்புதான் கண்ணெதிரே வந்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மறந்திருப்பான். இன்ன குலத்துக்கு இன்னது கிடையாது என்ற பேச்சைப் பக்கிரி அதற்கு முன்பே எத்தனை இடத்தில், எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருப்பான் என்று யோசித்தான். அந்த யோசனையை அவனால் முடிவுவரை கொண்டுபோக முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. சுப்பிரமணியனின் அப்பா, பத்திரம் பதியும் நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பிரெஞ்சில் வந்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே அவர் வாசலுக்கு வரும். பக்கிரியின் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது சுப்பிரமணியனுக்கு நினைவிருக்கிறது. அப்பா ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கசப்பான சேதியாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி வாசிப்பார். கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது ஞாயிறு பக்கிரி சீக்கிரமே வந்துவிட்டான். சட்டைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். பழுப்பேறி, மடிப்பெல்லாம் கிழிய இருந்தது.

"அப்பா பேர்ல இருக்கிற மனைப் பத்திரம், பிரெஞ்சுல இருக்குது. பெரியப்பா மவன் எங்க வீட்டுக்குப் போற வழிய அடைக்கிறேன்னு வேலிமுள்ளோட நிக்கிறான். வழி யாருதுன்னு போட்டிருக்குதா பாரு மணி."

சுப்பிரமணியன் வாசித்தான். கிழக்கே வாய்க்கால். தெற்கே இன்னாருடைய தோட்டம். மேற்கே பொதுவழி.

"பொதுவழின்னா அடைக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அது போதும்." பக்கிரி காகிதத்தை வாங்கி மடித்தான். நல்லாப் பாத்தியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன் வாயால கேட்டா அப்புறம் என்ன. உங்க அப்பா படிச்ச மாதிரியே இருக்குது. சரி, ஆரம்பி. என் ஆளு மூட்டையோட ரெடி."

கலியமூர்த்தி பகடையைக் குலுக்கினான். சுப்பிரமணியன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"புத்தகத்துல அப்படி இல்ல."

"எப்படி இல்ல?"

"சதுப்பருக்கு மந்திரம் கிடையாதுன்னு. அது நான் சொன்னது. கோட்ட போன கோவத்துல."

கலியமூர்த்தி விளையாட்டாக எடுத்துக்கொண்டு முதுகில் ஒரு அறை விட்டான். "அடப்பாவி! குரு சொன்னா வேதவாக்குன்னு நாங்க நம்பிக்கிட்டு இருக்கறோம், நீ பித்தலாட்டம் பண்றியா?"

"அப்ப எங்க ஆளுங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்றாள் அஞ்சலாட்சி.

"மத்ததெல்லாம் உள்ளதுதான். சத்தியமா."

சத்தியம் என்ற சொல் அறையில் அப்படியே நின்றது.  பக்கிரி தரையில் கிடந்த புத்தகத்தை இழுத்து, சேற்றில் நிற்கும் குள்ளனின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இருக்கட்டும் மணி. ஆட்டம்தான," என்றான். கோபமே இல்லாத குரல்.

பிறகு அவன் கை மெதுவாகச் சட்டைக்குள் போயிற்று. பத்திரத்தை எடுத்து, புத்தகத்தின் மேலேயே விரித்தான்.

"இத இன்னொரு வாட்டி படி."

 சுப்பிரமணியன் குனிந்து வாசித்தான். இந்த முறை பக்கிரியின் விரலும் வரிக்குக் கீழே கூடவே வந்தது. தன் அப்பாவின் பெயர் வந்த இடத்தைப் பக்கிரியே அடையாளம் கண்டு ஒரு கணம் விரலை நிறுத்தினான்.

"மேற்கே பொதுவழி."

"அந்த வார்த்த எது?"

காட்டினான்.

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"

அதையும் காட்டினான். பக்கிரி அந்த எழுத்துகளை உதடு அசையப் பார்த்தான். டீ கொண்டுவர எழுந்த அஞ்சலாட்சி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நாளைக்கு இத வேற ஒருத்தர்கிட்டயும் காட்டிடறேன்," என்றான் பக்கிரி, காகிதத்தை மடித்தபடி. "தப்பா நெனச்சிக்காத மணி."

"காட்டு," என்றான் சுப்பிரமணியன்.