லோடு கூடினதும்

எங்கள் கல்லூரி மெக்கானிக்கல் துறைக்கு ஸ்மார்ட் லேப் வந்ததிலிருந்து என் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன்தான் துறைத் தலைவர். நான் அங்கே விரிவுரையாளர், என் வீட்டுக்காரர் லேப் டெக்னீஷியன். குடும்பமே ஒரே கட்டடத்தில் குப்பை கொட்டுகிறது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். பழைய லேத்துகளையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, கம்பிக் கூண்டுக்குள் ஒரு ரோபோ கையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாடி அரங்கில் உட்கார்ந்துகொண்டு டேப்லெட்டைத் தொட்டால், கீழே அது இரும்புத் துண்டை எடுத்து வேலை செய்யும். திறப்பு விழாவில் அதைத்தான் காட்டுவதாக ஏற்பாடு.

ஒத்திகையில் அது நின்று நின்று மானத்தை வாங்கியது. கூண்டுக் கதவில் ஒரு சென்சார் உண்டு. கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். கதவு லேசாக அதிர்ந்தாலே அந்தச் சென்சாருக்கு அது திறந்த கணக்கு.

"அதைக் கழட்டி விடுங்க மாப்பிள்ளை. விருந்தாளி முன்னாடி நின்னுச்சுன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

"கழட்டிட்டா ஆள் உள்ள இருந்தாலும் ஓடும் மச்சான்."

"யாரு உள்ள போகப் போறா? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானே போன் பண்றேன்."

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனார்.

விழா அன்று அரங்கில் பெரிய திரை. படம் விட்டுவிட்டு வருகிறதென்று லேப் கேமராவை அணைத்துவிட்டு, ரோபோ கைமேல் ஏறும் பளுவைக் காட்டும் வரைபடத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்து எதிர்காலத் தொழிற்சாலையைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். சிறப்பு விருந்தினருக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. பேச்சு முடிந்து அண்ணன் கீழே போன் பண்ணும் முன்பே டேப்லெட்டைத் தொட்டுவிட்டார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. சட்டென்று எகிறியது. பிறகு இறங்கிச் சீரானது.

அண்ணன் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், லோடு கூடினதும் அதுவே சமாளிச்சுக்குது."

அரங்கமே கைதட்டியது.

அந்த நேரம் கீழே, கோணலாகக் கிடந்த துண்டை நேராக்க இவர் கூண்டுக்குள் வலது கையை விட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் போட்டிருந்த கட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"விசாரணைக் குழு வருது மாப்பிள்ளை. சென்சாரை நீங்களாத்தான் கழட்டினீங்கன்னு சொல்லிடுங்க. இல்லைன்னா லேபையே மூடிடுவாங்க. உங்களுக்கு வேற வேலை நான் பாத்துத் தர்றேன்."

நான் கட்டிலுக்கும் அண்ணனுக்கும் நடுவே வந்து நின்றேன்.

"கையும் அவரோடது, தப்பும் அவரோடதா? நீங்க சொன்னதை என் காதால கேட்டேன். அதைத்தான் குழுகிட்ட சொல்லுவேன். கெளம்புங்கண்ணா."

"கூடப் பொறந்தவனையே மாட்டிவிடுவியா?"

"மாட்டிவிடுவேன்."

அண்ணன் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். இவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"லேப் ஸ்பீக்கர்ல ஹால் சத்தம் வந்துட்டே இருந்துச்சு. மச்சான் இன்னும் பேசிட்டுதானே இருக்காரு, நேரம் இருக்குன்னு நெனச்சேன்."

"பேசாதீங்க. தூங்குங்க."

"நான் கத்தினது அங்க யாருக்கும் கேக்கல. நீங்கல்லாம் கைதட்டினது எனக்குக் கேட்டுச்சு." என் பக்கம் திரும்பினார். "நீயும் தட்டினியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"தட்டினேங்க" என்றேன்.