நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஐந்நூறு வரிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். நாலாம் நம்பர் பிரஸ் என் தம்பியின் வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கித் துப்பிய பிறகு அந்தக் கோபம்தான் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே தொழிற்சாலை. இரும்புத் தகட்டை அடித்துக் கதவுக் கீல் செய்கிற இடம். தம்பி பிரஸ் ஓட்டுகிறவன். நான் கீலை அளந்து பார்க்கிறவள். என் வீட்டுக்காரர் ஃபோர்மேன். உள்ளே கை போனால் சென்சார் பார்த்து பிரஸ்ஸை நிறுத்திவிடும். அன்று நிறுத்தவில்லை. தம்பியே சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டினான் என்று முதலாளி எழுதிவிட்டார். விசாரணைக்கு நாளும் குறித்தாகிவிட்டது, காலை பத்து மணிக்கு. விரலும் போய், வேலையும் போய், பழியும் அவன் தலையில்தான் விடியும்.

அந்த மடையனோ வருகிறவர்களிடமெல்லாம், "அத்தான் மட்டும் ஓடி வந்து பிரஸ்ஸைத் தூக்கலேன்னா முழுக் கையும் போயிருக்கும்" என்று உருகிக்கொண்டிருந்தான்.

யார், எத்தனை மணிக்கு, எந்த பட்டனைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் பிரஸ் குறித்து வைத்திருக்குமாம். சர்வீஸ் மெக்கானிக் சொன்னார். அதைப் படிக்கிற சாஃப்ட்வேரை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது, பாஸ்வேர்டு முதலாளியிடம். மெக்கானிக் ஒரு பென் டிரைவைக் கையில் வைத்தார்.

"ஏத்தவே வேணாம்மா. எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. எதுல சொருகினாலும் ஓடும்."

விசாரணைக்கு முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் சொருகினேன். பிரஸ்ஸிலிருந்து, அதே கூடத்தில் இருக்கிற என் மேஜைக்கு ஏற்கெனவே ஒரு வயர் வருகிறது. திரையில் வரிவரியாக வந்தது. விபத்து நாளுக்குப் போனேன். பிற்பகல் 2.55, சென்சார் நிறுத்தம், ஆள் எண் ஏழு.

ஏழு என் வீட்டுக்காரர்.

சேமிக்கும் பட்டனை அழுத்தினேன். அதே நேரம் பின்னால் செருப்புச் சத்தம். பென் டிரைவைப் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டேன். திரையை அணைக்க நேரமில்லை.

என் வீட்டுக்காரர் வந்து அந்த வரியைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அச்சு தட்டுகிற சுத்தியலை எடுத்து வந்து கம்ப்யூட்டர் பெட்டியில் இறக்கினார். நாலு அடி. தகரம் வாயைப் பிளந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கன்னத்தில் விட்டார். காதுக்குள் விசில் அடித்தது.

"சாஃப்ட்வேர் ஏத்துறியா? இப்பப் போய் ஏத்துடீ பாப்போம்."

ரத்தம் கசிந்த வாயோடு எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்றினால்தானே உடைக்க?

வாட்ச்மேன் அறைக்கு ஓடினேன். மருத்துவச் சீட்டு கொடுக்க வந்த தம்பி அங்கேதான் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேனின் லேப்டாப்பில் சொருகினேன். கோப்பு இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன்.

"சாஃப்ட்வேரை மூடாமப் பிடுங்கிட்டீங்களா? சரியாப் போச்சு. மூடும்போதுதாம்மா அது டிரைவுல எழுதும். மறுபடி எடுங்க. ஆனா பிரஸ்ல ஐந்நூறு வரிதான் நிக்கும். புதுசா ஒண்ணு வந்தா பழசுல ஒண்ணு போயிரும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரஸ் கூடத்திலிருந்து நாலாம் நம்பரின் சத்தம் கேட்டது. டக், டக், டக். விபத்துக்குப் பிறகு யாரும் தொடாத மெஷின். என் வீட்டுக்காரர் சாவியைப் போடுகிறார், அணைக்கிறார். ஒவ்வொரு டக்குக்கும் பழைய வரி ஒன்று அழிகிறது. ஃபோர்மேனுக்குத் தெரியாதா அது?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தம்பியும் பின்னால் வந்தான்.

"அத்தான், அதை ஏன் போட்டுப் போட்டு அணைக்கிறீங்க?"

அத்தான் அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். தம்பி போட்ட அலறலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் எழுந்து வந்தார்கள். டப்பாவோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள், வேறென்ன.

அச்சை நெம்புகிற கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட கையால் அவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

உடைந்த பெட்டியிலிருந்து வயரை உருவி லேப்டாப்பில் மாட்டினேன். பென் டிரைவைச் சொருகினேன். ஓடியது. வரிகள் இறங்கின. சேமித்து, மூடச் சொன்னேன். 'எழுதுகிறது, காத்திருக்கவும்' என்றது.

அவர் தவழ்ந்து வந்து, மேஜையைப் பற்றி எழுந்து என் கொண்டையைப் பிடித்தார். நெற்றியை மேஜை விளிம்பில் மோதினார். ஒரு தரம். இரண்டாம் தரம். கண்ணில் ரத்தம் வழிந்து திரை மங்கியது. கை பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடத் துடித்தது. பிடுங்கினால் எல்லாம் போச்சு. இரண்டு உள்ளங்கையாலும் அதை மூடிக்கொண்டு அடியை வாங்கினேன். மூன்றாம் தரத்துக்குள் தம்பி அவர் தோளைக் கடித்தான். அவர் கத்திக்கொண்டு சரிந்தார்.

'இப்போது எடுக்கலாம்' என்று வந்தது. எடுக்காமல் கோப்பைத் திறந்து பார்த்தேன். இன்னொரு தரம் ஏமாற எனக்குத் தெம்பில்லை. எல்லாம் இருந்தது.

"ஒரே ஒரு மணி நேரத்துக்குத்தான் அணைச்சேன்டீ, ஆர்டர் முடியணும்னு" என்று அவர் தரையில் அழுதார். "வேணும்னா செஞ்சேன்?"

"விடுக்கா" என்றான் தம்பி. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளைக் கூப்பிடு. என்ன இருந்தாலும் பிரஸ்ஸைத் தூக்கினது அவர்தான்."

நான் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன்.

3.40.08, அவசர நிறுத்தம். அது அவனே, விரல் உள்ளே மாட்டியபடி இடது கையால் அடித்தது. 3.40.49, பிரஸ் மேலே தூக்கப்பட்டது, ஆள் எண் ஏழு. நடுவில் ஒரு வரி இருந்தது. 3.40.31, சென்சார் மறுபடி இயக்கம், ஆள் எண் ஏழு.

தம்பி உதட்டை அசைத்துப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். "நான் கத்திட்டிருந்தேனேக்கா" என்றான். "பேனல்கிட்ட ஓடினாரு. பிரஸ்ஸைத் தூக்கத்தான் பட்டனைத் தேடறாருன்னு நெனச்சேன். தான் அணைச்சதை மறைக்கத்தானா?"

தம்பி இடது கையை என்னிடம் நீட்டினான்.

"அந்தக் கம்பியைக் குடு. இடது கையால அடிக்க வருதான்னு பாக்கறேன்."

கொடுக்கவில்லை. பென் டிரைவை உருவிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.