சம்பந்தி வீட்டுக் கூரைக் கடன்

எங்கள் மகள் அய்பேரியை அத்பாஷிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். மறு வருஷமே அவளுடைய மாமனார் மமாசாலி, வீட்டுக் கூரைக்குத் தகரம் போடவேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் அறுபதாயிரம் சோம் கைமாற்று வாங்கினார். ஆறே மாதம் என்றார். ஒன்றரை வருஷம் ஓடிப்போயிற்று.

என் வீட்டுக்காரர் குபத், நரின் ஊரில் டயர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கோடையில் கடையிலிருந்த காற்றடிக்கும் மிஷின் ஒரேயடியாக உயிரை விட்டது. புதிதாக வாங்கக் கையில் காசில்லை.

"சம்பந்திக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றேன்.

"போன்ல கடனைக் கேக்கறதா? நம்ம பொண்ணு அந்த வீட்ல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? நேர்ல போய் நாசூக்கா கேட்டுட்டு வரேன்."

பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியுமா? தேயிலை, சர்க்கரை, இரண்டு கிலோ மிட்டாய், சம்பந்தியம்மாளுக்கு ஒரு சட்டைத் துணி. எல்லாம் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். காலையில் போன மனிதர் பொழுது சாய வந்து இறங்கினார். மேலே புது வெல்வெட் அங்கி, தலையில் புது வெள்ளைத் தொப்பி, கையில் ஆட்டுத்தொடை.

"பணம்?"

"எப்படிடீ கேப்பேன்? நான் காரை விட்டு இறங்கறதுக்குள்ள ஆட்டை அறுத்துட்டாங்க. தலையை வேகவெச்சு என் முன்னால கொண்டாந்து வெச்சுட்டாரு. அத்தனை மரியாதை பண்ற மனுஷன் மூஞ்சியைப் பாத்து, எடு அறுபதாயிரம்னு சொல்லச் சொல்றியா?"

"வாய்ல கறி இருந்திருக்கும். அதான் சொல்ல வரல."

அடுத்த மாதம் நானும் கூடவே போனேன். மறுபடி தேயிலை, மறுபடி மிட்டாய். நாங்கள் போய் நின்றதுமே அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஆடு கத்தி ஓய்ந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் இவர் தொடையைக் கிள்ளினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சம்பந்தி, அந்தக் கூரை விஷயமா..."

"ஒரு சொட்டு ஒழுகல சம்பந்தி!" என்று மமாசாலி இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்க புண்ணியம். மழை பெய்யும்போதெல்லாம் உங்களைத்தான் வாழ்த்தறோம்."

சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினாள். அதற்கப்புறம் என் வாயும் திறக்கவில்லை. திரும்பும்போது பார்த்தேன், அந்தத் தகரம் வெயிலில் பளபளவென்று மின்னியது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து அய்பேரி போன் செய்தாள்.

"அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். அப்பாவை இந்தப் பக்கம் விடாதே."

"ஏண்டி, சண்டையா?"

"சண்டை வந்தாக்கூடத் தேவலை. உங்க கடனை அடைக்கணும்னு மாமா அஞ்சு ஆட்டைத் தனியா ஒதுக்கி வெச்சிருந்தாரு. கேக்க வந்து வந்து ரெண்டை நீங்களே தின்னுட்டீங்க. மிச்சம் மூணுதான். குடல் கழுவிக் கழுவி என் கை வெந்து கெடக்கு!"

"மிச்சத்தை எப்ப விக்கப் போறாராம்?"

"இந்த ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஓட்டிட்டுப் போறாரு."

சனிக்கிழமையே இவரிடம் சொல்லிவிட்டேன். "அவங்க வீட்டு வாசல்ல நின்னா நாம விருந்தாளி. சந்தையில நின்னா ஆடு வாங்க வந்தவங்க. அங்க வெச்சுப் பேசுங்க."

அத்பாஷி சந்தையில் புழுதியும் கூச்சலும். மூன்று ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மமாசாலி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. அப்போதும் பழக்கம் விடவில்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க! வீட்டுக்குப் போலாம் வாங்க!"

"வீடு இருக்கட்டும் சம்பந்தி" என்றேன் நான். "ஆடு என்ன விலை? கடன்ல கழிச்சுக்கலாம்."

மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு தரகர் வந்து இவர் கையையும் அவர் கையையும் பிடித்து இணைத்துவிட்டார். எங்கள் சந்தைத் தரகர்கள் விலை படியும்வரை கையை விடமாட்டார்கள், தோள் கழன்றுபோகும்படி குலுக்குவார்கள்.

"சொல்லு, ஒண்ணு எவ்வளவு?"

"பன்னெண்டாயிரம் கொடுத்தாப் போதும்" என்றார் மமாசாலி.

"என்ன சம்பந்தி, இவ்வளவு நல்ல ஆட்டுக்கா? பதினாறு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயோ, அவ்வளவு பொறாது. பதினொண்ணு."

"பதினாறரை!"

தரகர் குலுக்குவதை நிறுத்திவிட்டார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யோவ், இதுல விக்கிறவன் யாரு, வாங்கறவன் யாரு? காலங்காத்தால குடிச்சுட்டு வந்தீங்களா?"

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே, "அவங்க சம்பந்திங்கப்பா, நோய் அப்படித்தான் இருக்கும்" என்றார். இதை இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் இருபதாயிரத்துக்குப் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது.

"பதினாலு!" என்று கத்தினேன். "மூணுக்கும் சேத்து நாப்பத்திரெண்டு. மிச்சம் பதினெட்டு, குளிருக்கு முன்னாடி!"

தரகர் சட்டென்று இருவர் கையையும் அடித்து முடித்துவைத்தார். "இந்தச் சந்தையில ஒரே ஆம்பளை இந்தம்மாதான்" என்று சொல்லிவிட்டுக் கூலிக்குக் கையை நீட்டினார். அதைக் கொடுக்கவும் இரண்டு சம்பந்திகளும் போட்டி போட்டார்கள். தரகர் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆடுகளை வண்டியில் ஏற்றினோம். கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "சம்பந்தி, நீங்களும் எங்களோட நரினுக்கு..." என்று வாயைத் திறந்தார். காலை ஓங்கி மிதித்தேன். "நல்லா இருங்கன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தார். மறுநாளே மூன்றையும் கறிக்கடைக்காரரிடம் விற்றோம். கொஞ்சம் கையைவிட்டுப் போட்டு மிஷின் வாங்கினோம்.

அக்டோபர் கடைசியில் மிச்சப் பணம் போன் வழியாகவே வந்து சேர்ந்தது. பார்த்தால் பதினெட்டாயிரத்து ஐநூறு.

"ஐநூறு கூட அனுப்பியிருக்காரு பாரு! என்ன மனுஷன்!" என்று இவர் உருகிப்போனார். "இதைத் திருப்பிக் கொடுத்தாகணும். போன்ல அனுப்பினா மரியாதையா இருக்காது. நாளைக்கே நேர்ல போய்..."

அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கார்ச் சாவியை எடுத்து மாவு மூட்டைக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன்.