பாம்பு இருக்கிற காடு

சிறீஸ்கந்தராசாவின் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாராம்: ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும், நடக்காவிட்டால் திரும்பவும் இந்தக் கட்டிலுக்குத்தான் வருவீர்கள். மனுசன் குளிசைகளை ஒன்றுவிடாமல் விழுங்கினார். உப்பைக் குறைத்தார். ஆட்டிறைச்சியைக்கூடக் கண் கலங்கக் கைவிட்டார். நடக்க மட்டும் வெளிக்கிடவில்லை.

இங்கிலாந்தில், கென்ற் பக்கத்துக் கிராமமொன்றில் அவர் கடை வைத்திருக்கிறார். காசு மேசைக்கும் பால் அடுக்கிய அலுமாரிக்கும் இடையில் நடப்பதே தாராளம் என்று வாதாடினார். மனைவி சிவநாயகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒஸ்லோவில் இருக்கும் அவருடைய தங்கை உதயகுமாரிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"குமாரி, நீர் ஒருக்கால் வந்திட்டுப் போம். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு. இந்த மனுசனை இன்னொருக்கால் ஆசுப்பத்திரியில விட்டிட்டு வெளியில குந்தியிருக்க என்னால ஏலாது."

கடைசி வசனத்தில் மச்சாளின் குரல் உடைந்துவிட்டது. உதயகுமாரி அன்றைக்கே லீவு கேட்டாள்.

மச்சாள் சரியான ஆளைத்தான் பிடித்திருந்தாள். உதயகுமாரிக்கு ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் ஒரு சிறுவர் பள்ளியில் வேலை. நோர்வேக்காரருக்கு மழையும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான்; மூன்று வயதுப் பிள்ளையென்றாலும் மழைக்கோட்டைக் கொழுவி, சாப்பாட்டுப் பெட்டியையும் கட்டிக்கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். "துர்" போவது என்று அதற்குப் பெயர். இனி ஒரு அடியும் எடுத்து வைக்கமாட்டேன் என்று சேற்றில் குந்திவிடும் வாண்டுகளை எழுப்பி நடக்க வைப்பதற்குத்தான் உதயகுமாரிக்குச் சம்பளம். அண்ணர் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

மே மாதத் தொடக்கம். ஒஸ்லோவில் பனி உருகி மரங்கள் அப்போதுதான் துளிர்விடத் தொடங்கியிருந்தன. இங்கே எல்லாமே பச்சை. கடைக்கு முன்னால் ஒடுங்கிய தெரு, எதிரே மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயல், கடைக்குப் பின்னால் முட்பற்றை, அதற்கும் பின்னால் ஒரு காடு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நடக்க இடமில்லை என்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அண்ணா, பின்னால காடு இருக்கு. வாங்கோ, காலமை ஒரு சுத்துச் சுத்தி வருவம்."

"உதுக்குள்ளயோ? பாம்பு இருக்குது" என்றார் அவர், பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தாமல்.

சிவநாயகி சிரித்தாள். அந்தப் பாம்பு அந்த வீட்டில் பழைய ஆள். மகன் நிதுசன் சிறுவயதில் அந்தப் பற்றைப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டானாம். வளர்ந்து மன்செஸ்டரில் வேலைக்குப் போன பிறகும், ரெலிபோன் எடுத்தால் "பாம்பு சுகமோ?" என்று ஒருதரம் கேட்காமல் வைக்கமாட்டான்.

மறுநாள் காலை, அண்ணர் கடை திறக்கப் போன நேரம் பார்த்து, உதயகுமாரி பற்றையை விலக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள். ஒருவரிடமும் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நோர்வேயில் காடு யாருடைய பேரில் இருந்தாலும் நடந்து போக எல்லோருக்கும் உரிமை உண்டு. சட்டமே அப்படித்தான். அந்தச் சட்டத்துக்குள் இவ்வளவு காலம் வாழ்ந்த காலுக்கு வேலி கண்ணில் படாது.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உயரமான மரங்களுக்குக் கீழே, தரை தெரியாமல், சின்னச் சின்ன நீலப் பூக்கள். எல்லாப் பூவும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றன. எங்கேயோ ஒரு குருவி விட்டு விட்டுக் கூப்பிட்டது. தூரத்தில் உழவு இயந்திரம் ஒன்றின் சத்தம் வந்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. எல்லிங்ஸ்ருட் காட்டில் இந்த அமைதி இல்லையென்று இல்லை. ஆனால் அங்கே அவள் எப்போதும் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே நிற்பவள். இங்கே எண்ணுவதற்கு ஒருவரும் இல்லை. அண்ணரும் கூட நின்றிருக்கலாமே என்று நெஞ்சுக்குள் ஏக்கமாக இருந்தது.

சேற்றுச் சப்பாத்தோடு அவள் திரும்பி வந்தபோது அண்ணர் பின்கதவடியில் நின்றார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"ஆரைக் கேட்டு உதுக்குள்ள போனனீ? இது உன்ர ஒஸ்லோ இல்லை!"

இப்படி அவர் அவள்மேல் கத்தியது கிடையாது. நெஞ்சில் தையல் போட்ட மனுசன் என்று பயந்து, அவள் அவரைக் கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பாதிக் கோப்பை குடித்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"நிதுசனுக்கு அப்ப நாலு வயசு. கடை எடுத்த புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு உதுக்குள்ள போனனான். பிள்ளைக்கு நல்ல சந்தோசம், பூவைத் தொட்டுத் தொட்டுக் கொண்டு வாறான். ஒருத்தன் நாயோட வந்தான். இது உன்ர இடமில்லை, வெளியில போ எண்டு கத்தினான். நாயும் பாயுது. நான்…" கோப்பையைக் கீழே வைத்தார். "நான் 'சொறி' எண்டு மன்னிப்புக் கேட்டனான் குமாரி. சொல்லிப்போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். அவர் ஏனப்பா கத்தினவர் எண்டு கேட்டான். உள்ளுக்கை பாம்பு இருக்காம், அதுதான் எங்களை ஓடச் சொன்னவர் எண்டு சொல்லிப்போட்டன்."

"உங்கட கடைக்கு வாற சனம் அதுக்குள்ளதானே நாயளைக் கொண்டு திரியுது. ஒருத்தரைக் கேட்டுப் பாத்திருக்கலாமே?"

"அவையள் போகலாம். அது அவையளின்ர காடு."

உதயகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நடக்க இடமிருந்தும், இருபது வருசத்துக்கு மேல் இந்த மனுசன் காசு மேசைக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். ஊரெல்லாம் அவரிடம் பாலும் பேப்பரும் வாங்கியிருக்கிறது. பயந்தவரைப் பயமில்லாமல் இரு என்று சொல்லிப் பிரயோசனமில்லை என்பது சிறுவர் பள்ளியில் அவள் படித்த பாடம்.

அடுத்த நாள் அவள் பற்றைக்குள் பாயவில்லை. தெருவழியே சுற்றி, காட்டின் மறுபக்கத்துக்குத் தேவாலயத்தடியால் போனாள். அங்கே வேலியில் ஒரு கடப்பு இருந்தது. கால் வைத்து ஏறி இறங்கப் பலகை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மரக்கட்டை. அதில் மஞ்சள் அம்புக்குறி, அதற்கு மேலே ஆங்கிலத்தில் எழுத்து: பொது நடைபாதை. அம்புக்குறி காட்டுக்குள் காட்டியது. அவள் அந்தப் பாதையை விடாமல் நடந்தாள். நீலப் பூக்களுக்கு நடுவால், ஒரு சின்ன ஓடையைத் தாண்டி, அது நேரே அண்ணரின் கடைக்குப் பின்னால் இருந்த முட்பற்றையில் வந்து முடிந்தது.

அந்தப் பக்கம் ஒரு கட்டை நின்றால் இந்தப் பக்கமும் ஒன்று நிற்கத்தானே வேண்டும்? மச்சாளின் தோட்டக் கையுறையையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்து, முள்ளை வெட்டிக் கொடியைப் பிய்த்துப் போட்டாள். கட்டை அங்கேதான் இருந்தது. பாசி பிடித்து, கொஞ்சம் சாய்ந்து, அதே அம்புக்குறியோடு.

"அண்ணா, இந்தக் கட்டை மட்டும் வாங்கோ. அங்கால வேண்டாம்."

சேற்றில் குந்தும் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதைத்தான்: அந்த மரம் மட்டும், பிறகு பார்ப்போம். பின்னால் மச்சாள் அவருடைய கோட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். அண்ணர் முனகிக்கொண்டே வந்தார். எழுத்தை வாசித்தார். விரலால் பாசியைச் சுரண்டிவிட்டு இன்னொருதரம் வாசித்தார்.

"இது அண்டைக்கும் இஞ்சதான் நிண்டதோ?"

"கட்டையைப் பாக்க உங்களுக்கு விளங்கேல்லையே? எங்கட கலியாணங்களுக்கு முந்தியே நட்டிருப்பாங்கள்."

"அப்ப நான் பிழையான இடத்தில நிக்கேல்லை" என்றார் அண்ணர். பிறகு, அவள் கூப்பிடாமலே, காட்டுக்குள் காலை வைத்தார்.

அண்ணரும் தங்கையும் மெதுவாக நடந்தார்கள். ஓடையடிக்கு வந்தபோது எதிரே நாயோடு ஒருவர் வந்தார். அண்ணர் நின்றுவிட்டார். அவருடைய கை உதயகுமாரியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அண்ணர், கடையில் ஒருநாளும் கேட்டிராத உரத்த குரலில், "இது பொதுப் பாதை!" என்றார் ஆங்கிலத்தில். அந்த ஒரு வசனத்தை அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன குறை அவ்வளவும் அந்தக் குரலில் இருந்தது.

வந்த மனுசன் திகைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றினார். நாள்தோறும் கடையில் பேப்பர் வாங்குகிற கிழவர்.

"பொதுப் பாதைதான் சிறீ. நான் பொடியனாக இருந்த காலத்திலிருந்து நடக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் ஒருநாளும் வருவதில்லை என்று நானும் மனைவியும் கதைத்துக்கொள்வோம். பூக்கள் உங்களுக்குப் பிடிக்காதாக்கும் என்று நினைத்தோம்."

அவர் போன பிறகு அண்ணர் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தபடி விட்டுவிட்டார். உதயகுமாரி பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அவர் போனை எடுத்து மகனை அழைத்தார்.

"நிதுசன், காட்டுக்குள்ள நிக்கிறன். இஞ்ச பாம்பு ஒண்டும் இல்லையடா."

"தெரியுமப்பா" என்றான் மகன். "எனக்கு அண்டைக்கே தெரியும். அந்த ஆள் கத்தினது எனக்கு விளங்கினது. நீங்கள் வெக்கப்படுவீங்கள் எண்டுதான் பாம்புக்குப் பயந்த மாதிரி இருந்தனான்."

அண்ணர் நீலப் பூக்களைப் பார்த்தார். நாலு வயதுப் பிள்ளை அன்றைக்குத் தொட்டுத் தொட்டு வந்தவை.

"பூ முடியப்போகுது" என்றார். "இந்தச் சனிக்கிழமை வாறியோ? சேத்துக்கு ஏத்த சப்பாத்துக் கொண்டு வா."