சினியின் மிருகத்துக்கு எலும்பு வந்த வருஷம்

1997ஆம் வருஷம் ஓணம் முடிந்த திங்கட்கிழமை, உதியன்குளங்கரை ஜங்ஷனில் கருணாகரன் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டரில், மானிட்டருக்குள்ளிருந்து ஒரு மிருகம் தரையில் விழுந்தது. கன்றுக்குட்டிப் பருமன், உடும்புத் தோல். கருணாகரன் முதலில் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். உடையவில்லை. பிறகுதான் மிருகத்தைப் பார்த்தார். அது எழுந்திருக்க முயன்று முயன்று, ஈரத்துணி மாதிரி சரிந்து கிடந்தது.

செய்தவள் காரோடு என்ற பக்கத்து ஊரிலிருந்து டைப்பிங் படிக்க வந்த சினி. அந்த மெஷினில் உருவம் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று கிடந்தது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு மவுசால் இழுத்து இழுத்துச் செய்தாள். செதில் செதிலாகத் தோல் போட்டவள், உள்ளே ஓர் எலும்புகூட வைக்கவில்லை. புதிதாகப் படிக்கிற எல்லாரும் செய்கிற தப்புதான். மற்றவர்கள் செய்தது கீழே விழுவதில்லை, அவ்வளவுதான்.

"அழிச்சுப்போடு மக்கா. வாற பிள்ளைகளுக்கு நடக்க வழியில்ல," என்றார் கருணாகரன்.

"அது நம்மள பாக்குதுல்லா சாரே? உயிருள்ளதாக்கும். அழிக்கமாட்டேன்."

கிறிஸ்துமஸ் லீவுக்குள் அது தன் காலால் வெளியே போகவேண்டும், இல்லையென்றால் நானே ஃபைலை அழிப்பேன் என்றார் அவர். ஃபைல் போனால் மிருகமும் போய்விடும் என்பதில் ஜங்ஷனில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச் முடிந்து அம்மா நேசம் வைக்கிற மாட்டுக்கறியின் எலும்புகளைத் தட்டுகளிலிருந்து பொறுக்கி, கழுவிக் காயவைத்தாள் சினி. வாசலில் குரைக்கிற பட்டிக்குப் போட ஓர் எலும்பு மிச்சமில்லை என்று நேசம் ஊரெல்லாம் புலம்பினாள். காய்ந்த எலும்பைப் பார்த்துப் பார்த்து சினி கம்ப்யூட்டரில் செய்து மிருகத்துக்குள் வைத்தாள். நவம்பரில் மிருகம் எழுந்தது. எழுந்த வேகத்தில் கால்கள் நடு எலும்பில் மடங்கின. இறைச்சிக்கடைக் கத்தி விழுந்த இடத்தையெல்லாம் அவள் மூட்டு என்று நினைத்திருந்தாள். கூடப் படித்த அனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சினிக்க மிருகத்த நேரே சட்டியில போடலாம், வெட்டாண்டாம்!"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. எலும்புத் துண்டுகளை விட்டெறிந்துவிட்டு, உயிரோடு நடக்கிறவற்றைத் தடவிப் பார்க்கப் போனாள். பக்கத்து வீட்டு யோசுவாவின் பசு உதைத்தது. மறுநாளும் போனாள். முன்கால் விலாவோடு எந்த எலும்பாலும் பூட்டப்படவில்லை, தோள்பட்டை வெறும் சதையில் தொங்கித்தான் அத்தனை பாரத்தையும் சுமக்கிறது என்று விரலுக்குத் தெரிந்த அன்று, தொழுவில் நின்று சத்தமாகச் சிரித்தாள்.

லீவுக்கு முந்தின சாயங்காலம் கருணாகரன் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினார். சினி தட்டிவிட்டாள். "தொடப்பிடாது சாரே." தோளின் கடைசித் தசையை அவள் இழுத்துப் பொருத்தும்போது கரண்ட் போயிற்று. தினமும் போகிற அரைமணிதான். மானிட்டர் இருண்டது; செய்ததைச் சேமித்திருக்கவில்லை. "போச்சே," என்றான் அனில். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை. இருட்டில் பெஞ்சு நகர்ந்தது. மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தால், மிருகம் நான்கு காலில் நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

காரோட்டுக்குப் போகிற பஸ்ஸில் நல்ல நெரிசல். கண்டக்டர் ஈசாக் படியில் நின்றபடி, சினியின் பின்னால் வந்த மிருகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சீட்டொண்ணும் இல்ல கேட்டியா. காரோடு வரைக்கும் நிக்கணும். நிக்குமா?"

"நிக்கும்," என்றாள் சினி.