நாலு விரல் கட்டை

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் குப்பத்து வலைக்கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஊர்த்தலைவர் சுப்பராயலு. வழக்கு வைத்த சின்னதம்பி. மீன் ஏலம் கூறும் காசியம்மாள். கல்லூரியிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரப் பெண் சுதா. என் தம்பி வரதன். மற்றக் குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள். துளசிங்கமாகிய நான். ஒரு நாயும் இருந்தது. அதை யாரும் அழைக்கவில்லை.

வழக்கு இதுதான். ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. மீன் நன்றாக விழும் இடங்களில் எந்தக் குடும்பம் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பாடு. அதில் பெயர் உள்ள குடும்பங்கள் இருபத்தேழு. குஞ்சு மீனைப் பிடித்தவன் பெயர் பாட்டிலிருந்து அடிக்கப்படும். அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் பிறகு ஏரியில் இடம் கிடையாது. நான்கு தலைமுறையாக யார் பெயரும் அடிக்கப்படவில்லை. இப்போது எங்கள் பெயரை அடிக்க வேண்டும் என்று சின்னதம்பி கேட்டிருந்தான்.

அந்தச் சட்டத்தைப் போட்டதே எங்கள் குடும்பம். என் முப்பாட்டனார் எல்லப்பன் தம் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அந்த அகலத்துக்கு ஒரு கருவேலங்கட்டை செதுக்கினார். நீளம் ஒரு சாண். எந்த வலையாக இருந்தாலும் அதன் கண்ணிக்குள் கட்டை தடையில்லாமல் நுழைய வேண்டும். நுழைந்தால் நாலு விரலுக்குக் குறைந்த மீன் தப்பிவிடும். நுழையாத வலை தண்ணீரில் இறங்காது. இப்போது வலையெல்லாம் நைலான், கடையில் வாங்குகிறோம். ஆனாலும் புது வலை வாங்கியவன் முதலில் என் வீட்டு வாசலுக்கு வருவான். கட்டையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வேறு யாரும் தொடுவதில்லை.

தை மாதம் எங்கள் முறைக்கு மறுநாள் சின்னதம்பியின் முறை வந்தது. அவன் வலையில் விழுந்த செத்தக்கெண்டை எல்லாம் ஒரே அளவாக, நாலு விரலுக்குச் சற்று மேலே இருந்தது. செத்தக்கெண்டை ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே முட்டை வைத்துச் சாகும் மீன். கடலுக்குப் போகாது. அவனுடைய பாட்டன் காலத்தில் அது முறம் அகலத்துக்கு வந்ததாம். அதனால் இதெல்லாம் குஞ்சு என்று முடிவு செய்தான். பெரிய மீன் ஏன் இல்லை? குஞ்சிலேயே யாரோ அள்ளிவிடுகிறார்கள். யார்? முதல் நாள் வலை போட்டவன். அவ்வளவுதான் அவன் விசாரணை. துளசிங்கம் வீட்டார் கட்டையைச் சீவிவிட்டார்கள், கண்ணி சிறுத்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னான். பிறகு பழவேற்காடு சந்தையில் சொன்னான். பொன்னேரி பஸ்ஸில் சொன்னதாகவும் கேள்வி.

சுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்ப் பெண். நான்கு வருடமாக வந்து போகிறாள். எங்களிடம் மீன் தலை மட்டும் வாங்குவாள். உடலை வேண்டாம் என்பாள். முதல் மாதம் காசியம்மாள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இரண்டு முழு மீன் இனாமாகக் கொடுத்தாள். அவள் அதற்கும் தலையை வெட்டிக்கொண்டு உடலைத் திருப்பிக் கொடுத்தாள். மீனின் காதுக்குள் அரிசி நொய் போல ஒரு கல் உண்டு, அதில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும், மரத்தில் விழுவது போல, அதை எண்ணினால் வயது தெரியும் என்று எனக்கு ஒருமுறை விளக்கினாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

வழக்குக்கு முந்தின நாள் மதியம் அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"நாளைக்கு எங்க கூடையில் இருக்கிற மீனுக்கு வயசு எண்ணிக் காட்டணும்" என்றேன்.

"காட்டறேன் ஐயா. அது ஒண்ணும் குஞ்சு இல்ல. எல்லாம் மூணு வயசு, நாலு வயசு. குள்ளச் சாமியார் மாதிரி வயசாயும் சின்னதாவே கீது."

"அது போதும்."

"இன்னொண்ணும் இருக்கு ஐயா."

சொன்னாள். அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஏரியோடு கலக்காத ஒரு மடு உண்டு. அதில் யாரும் வலை போடுவதில்லை, அம்மன் மீன். தலைவரிடம் அனுமதி வாங்கி, படையல் போட்டு, அங்கிருந்து கொஞ்சம் செத்தக்கெண்டை எடுத்தாள். ஏரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்தாள். கல்லூரியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே தீனி. குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, அவையும் குஞ்சு பொரித்தன. கோயில் மீனின் பேரக்குஞ்சுகள் ஆறு விரல் அகலம் வந்த பிறகே முட்டை வைத்தன. ஏரி மீனின் பேரக்குஞ்சுகள் மூன்றரை விரலிலேயே முட்டை வைத்துவிட்டு, அதற்குமேல் அதிகம் வளரவில்லை.

"தண்ணியும் தீனியும் ஒண்ணுதான். அப்ப வித்தியாசம் பொறப்புலயே வருதுன்னு அர்த்தம்" என்றாள். "எல்லா மீனும் ஒரே மாதிரி பொறக்காது ஐயா. ஒண்ணு சீக்கிரம் முட்டை வைக்கும், ஒண்ணு பெருசா வளந்துட்டு வைக்கும். வளர்ற மீனு முட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே உங்க கூடைக்கு வந்துடுச்சு. நாலு விரலுக்குள்ளயே முட்டை வச்ச மீனோட புள்ளைங்கதான் ஏரியில மிஞ்சிச்சு. அதுங்களும் ஆத்தா மாதிரியே. இப்படியே நூறு வருஷம்."

அவள் அதோடு விடவில்லை.

"எங்கப்பா நல்ல கதிராப் பாத்து விதைக்கு எடுத்து வைப்பாரு. நீங்க நல்லதையெல்லாம் வித்துட்டு, சோடையை விதைக்கு விட்டிருக்கீங்க. உங்க கட்டைதான் ஐயா காரணம்."

அவளுக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுப்பது வழக்கம். குடித்து முடித்த பிறகு கேட்டேன்.

"நாளைக்கு இதையும் சொல்வியா?"

"யாராவது கேட்டா சொல்வேன். கேக்கலன்னா, வழக்கு மீனோட வயசப் பத்தினதுதானே."

மறுநாள் முதலில் கட்டையை அளந்தார்கள். எல்லப்பன் கட்டை செதுக்கிய அன்றே கோயில் கல்தூணில் அதன் அகலத்துக்கு இரண்டு கோடு வெட்டி வைத்திருந்தார். சந்தேகப்படுகிறவன் எந்தத் தலைமுறையிலும் பிறப்பான் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் நடந்துபோய்ப் பார்த்தார்கள். கட்டை கோட்டுக்குக் கோடு சரியாக நின்றது.

"கட்டை சரி. அப்ப இன்னொரு வலை வச்சிக்கினு கீறாரு பெரிசு" என்றான் சின்னதம்பி. "பொடிக்கண்ணி. ஊட்டுல தேடுங்க."

"வாய அடக்கு. நைனா வயசுள்ளவரு" என்றார் சுப்பராயலு.

"நைனா வயசுன்னா வலை போடத் தெரியாதா?"

வரதன் எழுந்தான். நான் பார்த்தேன். உட்கார்ந்தான்.

சுதா வேலையைத் தொடங்கினாள். அன்று காலை எங்கள் வலையில் விழுந்த மீன் கூடையிலிருந்து தலைவரே கண்ணை மூடிக்கொண்டு பத்து மீன் எடுத்துக் கொடுத்தார். அவள் தலையைப் பிளந்து, கல்லை எடுத்து, கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு வைத்து, பூதக்கண்ணாடியைச் சின்னதம்பி கையில் கொடுத்தாள். "நீங்களே எண்ணுங்க அண்ணா."

அவன் எண்ணினான். "நாலு." அடுத்தது. "மூணு." அடுத்தது. "இன்னாமே இது, அஞ்சு!" பத்தில் ஒன்றுகூட ஒற்றை வளையத்தோடு இல்லை. வயிற்றைக் கிழித்ததில் ஏழில் சினை இருந்தது.

"பொடிக்கண்ணி போட்டிருந்தா ஒரு வயசு மீனு கூடையில இருக்கணும். ஒண்ணுகூட இல்ல" என்றாள் சுதா.

"இது குஞ்சு இல்லடா, உனக்கு அக்கா" என்றாள் காசியம்மாள் சின்னதம்பியிடம். கொட்டகை சிரித்தது. தலைகளை நாய் எடுத்துக்கொண்டது.

துளசிங்கம் குடும்பத்தின் மீது குற்றம் இல்லை, பெயர் பாட்டில் அப்படியே இருக்கும் என்று தலைவர் சொன்னார். எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மீன் ஏன் சிறுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுதா தட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போயிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் குடும்பத்தில் பாதி அளவு அளந்து கொடுக்கும் பழக்கம் இல்லை.

"உட்காருங்க" என்றேன். "மீன் சிறுத்ததுக்கு காரணம் கேக்காமப் போறீங்க. காரணம் எங்க கட்டை."

முந்தின நாள் சுதா சொன்னதை வரிசை மாறாமல் சொன்னேன். கோயில் மடு, இரண்டு தொட்டி, பேரக்குஞ்சு, விதை நெல். நெல் விஷயத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. வரதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் சின்னதம்பிதான் வாய் திறந்தான். "அப்ப சின்னதா இருந்தாதான் பொழைப்போம்னு மீனு பஞ்சாயத்து வச்சி முடிவு பண்ணிச்சா?"

"எந்த மீனும் ஒரு முடிவும் பண்ணல அண்ணா" என்றாள் சுதா.

"அதில்லடா" என்றாள் காசியம்மாள். "வாசக்கால் குள்ளமா இருந்தா குனிஞ்சி குனிஞ்சி பழகிப்பூடும். அப்படித்தானேம்மா?"

"இல்லம்மா. யாரும் குனியல. குள்ளமாப் பொறந்தவங்க மட்டும் வாசக்கால்ல நுழைஞ்சி தப்பிச்சாங்க. தப்பிச்சவங்களுக்குத்தான் புள்ள பொறந்துச்சு. நெட்டையாப் பொறந்தவங்க மாட்டிக்கினாங்க."

"அப்ப நெட்டைங்கள நான்தான் ஏலத்துல வித்தேன்" என்றாள் காசியம்மாள்.

"முகத்துவாரம் மண்ணு அடைச்சி தண்ணி உப்பாயிட்டுது, அதனாலயும் இருக்கலாமில்ல?" என்று கேட்டார் சுப்பராயலு. எனக்கு உதவி செய்வதாக அவருக்கு எண்ணம்.

"உப்பு ஏறினா வளர்த்தி குறையலாம் தலைவரே. ஆனா தொட்டியில ரெண்டுக்கும் ஒரே தண்ணி. அங்கயும் ஏரி மீனு சின்னதாவே நின்னுடுச்சு."

சின்னதம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பொடிக்கண்ணி போட்டவனாச்சும் ஒரு பாட்டைக் கெடுப்பான். இவங்க தாத்தன் ஏரியவே கெடுத்துட்டாரு! இப்ப அடிங்க பேரை!"

இந்த முறை வரதனை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அவன் எழவில்லை.

சுப்பராயலு நெடுநேரம் மீசையைத் தடவினார். "கட்டை அவங்களுது. வலை யாருது?" என்றார். "அடிக்கிறதுன்னா இருபத்தேழு பேரையும் அடிக்கணும். உன் பேரையும் சேத்துத்தான் சின்னதம்பி. அப்புறம் பாட்டுக்கு நாயைத்தான் அனுப்பணும்."

பெயர் நின்றது. ஆனால் இரக்கத்தில் நின்ற பெயரை எங்கள் குடும்பம் வைத்துக்கொள்ளாது. எனவே அங்கேயே சொன்னேன். இனி எங்கள் முறையில் ஆறு விரலுக்கு மேல் அகலமாக வரும் செத்தக்கெண்டையை உயிரோடு ஏரியில் திருப்பி விடுவோம்.

"பெரிய மீன வுடுவீங்களா?" காசியம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "அண்ணே, உனுக்கு இன்னா ஆச்சு? பெருசுக்குத்தான் சந்தையில ஆளு நிக்கிறான்."

"அதனாலதான்" என்றேன்.

மற்றவர்களும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் செய்வதாகச் சொல்லவில்லை. எல்லப்பன் கட்டை செதுக்கியபோதும் முதல் பத்து வருடம் எங்கள் குடும்பம் மட்டும்தான் அதைப் போட்டுப் பார்த்ததாம்.

வீட்டுக்கு வந்து கட்டையை எடுத்தேன். நீளவாக்கில் ஆறு விரல் அளந்து, அரத்தால் ஒரு கோடு போட்டேன். விரல் என்னுடையது. நான்கு தலைமுறையில் எங்கள் குடும்பத்தார் அந்தக் கட்டையில் கைவைத்துச் செய்த முதல் மாற்றம் அது. கோயில் தூணிலும் அந்த அளவை வெட்டச் செய்தேன். சின்னதம்பிக்கும் பேரன் பிறப்பான்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை எங்கள் முறையில் ஆறு விரலுக்கு மேல் வந்த மீன் பதினொன்று. பதினொன்றையும் விட்டோம். அதில் இரண்டை மறுநாள் சின்னதம்பி பிடித்து, எங்கள் வீட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போனான். இருபத்தேழு குடும்பமும் விட்டால்கூட ஏரி மீன் பழைய அளவுக்கு வர முப்பது நாற்பது வருடம் ஆகும், சிறுத்ததைவிட மெதுவாகத்தான் வளரும் என்கிறாள் சுதா. எங்கள் குடும்பத்துக்கு அவசரம் இல்லை.

அன்று வெட்கம் தாங்காமல் துளசிங்கம் எல்லப்பன் கட்டையை ஏரியில் வீசி எறிந்தான் என்று பழவேற்காட்டில் ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. கட்டை என் வீட்டில் இருக்கிறது. புது வலை வாங்கியவர்கள் காலை ஆறு மணிக்கு மேல் வரலாம். ஏரியில் விழுந்தது என் துண்டு. அன்று வாடைக் காற்று.