பிழியாத சட்டை

நனைத்த சட்டையைப் பிழியாமலேயே கொடியில் வீசுகிறேன், பிழியக்கூடாது, சொட்டவேண்டும், சொட்டினால்தான் இந்த வீட்டுக்காரி இப்போதுதான் துவைத்துப் போட்டாள் என்று ஆகும், பாவாடையை வீசு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையை வீசு, அவருடைய காக்கிச் சட்டையை மட்டும் தெருவைப் பார்த்துப் பொத்தான் தெரிகிற மாதிரி போடு, கீழே ரெஜினா அக்கா சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு எங்கள் கல்யாணப் படத்தை அதே ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா, அவளுக்கும் பிள்ளை பெத்துக்க ஊர்ல எடம் கிடைக்கலதானே என்று மாடிப்படிக்குக் கேட்கும்படி சொல்கிறாள், சிரிப்பு வரவில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் வந்துவிடுவார், வந்து பார்த்து, என் புருஷன் தணிகாசலம் இங்கே குடியிருக்கவில்லை என்று எழுதிவிட்டால் எல்லாம் போயிற்று.

இது என் வீடு இல்லை, ரெஜினா அக்கா வீடு, ஒரு காலத்தில் இதற்கு அடுத்த கதவு என் வீடு, சைதாப்பேட்டையில் இந்தச் சந்துக்குள் ஆறு குடித்தனம், ஒரே குழாயடி, அவர் தெருவுக்குக் குடிநீர் திறந்துவிடுகிற ஆள், இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியுமுன்னே போவார், மூடியைத் தூக்கிக் குழிக்குள் சாவியை விட்டுத் திருகினால் அடுத்த நிமிஷம் எங்கள் குழாய் இருமும், அந்த இருமலைக் கேட்டு நான் குடத்தோடு எழுந்திருப்பேன், அது அவர் எனக்குச் சொல்கிற காலை வணக்கம் என்று நினைத்துக்கொள்வேன், பிறகு ரயில் பாலம் மாதிரி தலைக்கு மேலே மெட்ரோ வந்தது, வாடகை ஏணி வைத்து ஏறியது, சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி என்று ஒன்று தருகிறார்களே என்றால், அது வாசப்படி வரைக்கும்தான் வரும், உள்ளே நுழைய விடாது என்பார், ஊரில் எல்லோருக்கும் இவர் கவர்மெண்டு மாப்பிள்ளை, கல்யாணப் பத்திரிகையில் பேருக்குக் கீழே உத்தியோகத்தைப் பெரிசாகப் போட்டார்கள், அந்த உத்தியோகத்துக்கு அந்த உத்தியோகம் பார்க்கிற தெருவில் ஒரு அறை கிடைக்கவில்லை, கூடுவாஞ்சேரியில் ஏரிக்கரையைத் தாண்டி ஒரு துண்டு மனையில், கடன் போட்டு, ஓடாத சிமென்ட் மிக்சர் மாதிரி பாதியில் நின்ற ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போனோம், ஆனால் வால்வு ஆள் கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று அவர்கள் ஆபீசில் ஒரு விதி, விடியுமுன்னே வால்வைத் திறக்கப் போகிற அந்நேரத்துக்கு ரயிலும் கிடையாது, அதனால் ஆபீஸ் ஏட்டில் ரெஜினா அக்கா வீட்டு முகவரி எங்கள் முகவரியாக இருந்தது, அவர் பம்ப் ரூமில் மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார், சனிக்கிழமை மதியம் கிளம்பி வருவார், ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும்போது போய்விடுவார்.

வரும்போது மற்ற ஆண்கள் பூவும் பொட்டலமும் கொண்டுவருவார்கள், இவர் ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவருவார், மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, நகரத்துத் தண்ணீர், எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்கமுடியாது, கரிப்பு, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரமெல்லாம் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும், புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் விடுகிறவன் வீட்டில் இப்படி ஒரு தண்ணீர், நிவேதாவுக்கு அப்போது ஆறு வயசு, சனிக்கிழமை அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஓடிவந்து கட்டிக்கொள்ளாது, கதவைப் பிடித்துக்கொண்டு, வாங்க, உக்காருங்க என்று சொல்லும், விருந்தாளிகளிடம் அப்படிச் சொல்லவேண்டும் என்று நான் பழக்கியிருந்தேன், அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார், அது உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுக்கும், ரொம்ப நன்றிங்க மேடம் என்று வாங்கிக் குடிப்பார், எனக்கும் சிரிப்பு வந்ததுதான், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தொண்டையில் போர் தண்ணீர் மாதிரி கரிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார், கேட்டார் என்றுகூடச் சொல்லமுடியாது, காலி கேனை அலம்பிக்கொண்டே முதுகைக் காட்டியபடி, இந்தப் பக்கமே ஒரு செக்‌ஷன் வருதாம், மாத்தல் வாங்கிட்டா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம் என்றார், நான் அப்போதே விரலை மடக்க ஆரம்பித்துவிட்டேன், நகரப்படி போய்விடும், வாடகைப்படி பாதியாகும், நிவேதாவை இப்போதுதான் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம், வீட்டுக்கடன் இருக்கிறது, கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோங்க, சிட்டி போஸ்டிங்கை யாராவது கையால தள்ளுவாங்களா என்றேன், அவர் கேனைக் கவிழ்த்து வைத்தார், சரி என்றார், அவ்வளவுதான், அவர் எதையும் இரண்டு முறை சொல்லுகிறவர் இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த போன், அவரோடு வேலை பார்க்கிற ஏகாம்பரம், அண்ணி, உடனே கிளம்பி வாங்க, அண்ணன் இங்க குடியில்லைன்னு எவனோ புகார் நம்பருக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கான், இன்னிக்கு இன்ஜினியர் வீட்டைப் பார்க்க வர்றார், அண்ணன்கிட்ட சொன்னேன், வந்தா வரட்டும்னு உக்காந்திருக்காரு என்றான், அவரை அழைத்தேன், எடுக்கவில்லை, பயத்தில் மனுஷன் இடிந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன், கைக்குக் கிடைத்த துணியை, கல்யாணப் படத்தை, அலமாரியிலிருந்த இரண்டு டம்ளரை ஒரு கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன், ரயிலில் உட்காரவே இல்லை, நிவேதாவின் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன், ரெஜினா அக்கா கதவைத் திறந்ததும் விஷயத்தைக் கேட்டு, இன்னாடி இது, ஊருக்கே தண்ணி காட்றவன் பொண்டாட்டி இன்ஜினியருக்கே தண்ணி காட்டப்போறியா என்றாள், சொல்லிக்கொண்டே தன் துணிகளை மூட்டைகட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், நான் இப்ப பக்கத்து வூட்டுக்காரி, சர்க்கரை கேட்டு வந்திருக்கேன், சரியா என்று ஒரு கிண்ணத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

இன்ஜினியர் குலசேகரன் வந்தார், ஒல்லியான மனுஷன், வழுக்கை, சட்டைப் பையில் ரயில் பாஸ் எட்டிப்பார்த்தது, அதை அப்போது நான் கவனிக்கவில்லை, கண்ணில் பட்டது, மனசில் படவில்லை, அண்ணாந்து மாடிக் கொடியைப் பார்த்தார், காக்கிச் சட்டை அவர் தோள்மேல் ஒரு சொட்டு விட்டது, துடைத்துக்கொண்டார், உள்ளே வந்து படத்தைப் பார்த்தார், பாப்பா எங்கே என்றார், ஸ்கூலுக்குப் போயிருக்கு சார் என்றேன், ரெஜினா அக்கா கிண்ணத்தோடு, அந்தப் புள்ள இருந்தா இந்தச் சந்தே ரெண்டு படும் சார் என்று ஒரு போடு போட்டாள், அவர் தலையாட்டினார், கொஞ்சம் தண்ணி குடும்மா என்றார், நான் பானையில் மொண்டு கொடுத்தேன், எங்கள் டம்ளரில், கொடுத்த பிறகுதான் உறைத்தது, அவர் டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்தார், உள்ளே வெள்ளையாக ஒரு படிவம், கட்டைவிரலால் தேய்த்தார், போகவில்லை, இந்தத் தெருவில் எந்த வீட்டு டம்ளரிலும் அது இருக்காது என்று அவருக்குத் தெரியாதா, இந்தத் தெருவுக்கு என்ன தண்ணீர் போகிறது என்று பார்க்கிற வேலையே அவருக்குத்தானே, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன், அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்தார், குடியிருக்கிறார் என்று எழுதிக்கிறேன்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை நான் பாயசம் வைத்தேன், அவர் கொண்டுவந்த நல்ல தண்ணீரில், நடந்ததை நடித்துக்காட்டினேன், ரெஜினா அக்காவின் கிண்ணம், மாதா, டம்ளர், எல்லாம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நீயா போய் பண்ணினியா என்று மட்டும் கேட்டார், பின்னே, உங்க வேலையை யார் காப்பாத்துவா என்றேன், நல்லாப் பண்ணியிருக்கே என்றார், பாயசத்தில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார், நான் வாசலுக்குப் போய் மண்ணை அள்ளித் தூற்றினேன், போன் பண்ணினவன் விளங்கமாட்டான், அவன் குடும்பத்தோடு ஒரு வேளை சோறு நிம்மதியாகத் தின்னமாட்டான் என்று, உள்ளேயிருந்து அவர் குரல், விடு, அவனுக்கு என்ன கஷ்டமோ, நான் விடவில்லை, பழைய வீட்டுக்காரனாக இருக்கும், அவர் ஆபீசில் வாரிசு வேலைக்குக் காத்திருக்கும் முத்தழகன் பயலாக இருக்கும் என்று வருஷக்கணக்கில் முகம் மாற்றி மாற்றிச் சபித்தேன், வருஷங்கள் குழாயில் போகிற தண்ணீர் மாதிரி சத்தமில்லாமல் போயின, நிவேதா பெரியவளானாள், வாங்க என்பதை விட்டாள், ஆனால் அதற்குப் பதிலாக எதுவும் சொல்லவுமில்லை, படித்தாள், பெங்களூரில் வேலை, இப்போது அவளும் ஒரு ஹாஸ்டல் கட்டிலில் இருக்கிறாள், வாடகையைச் சொன்னால் மயக்கம் வருகிறது.

நேற்று அவருக்குப் பணி நிறைவு விழா, மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், இன்று காலை அவர் வீட்டில் இருக்கிறார், வேலை நாளில் வீட்டில் இருக்கிறார், எழுந்தும் படுத்தும் வலது கை போர்வையைத் திருகிக்கொண்டிருக்கிறது, நான் அந்தக் காக்கிச் சட்டையைக் கடைசியாக நனைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுவந்திருக்கிறேன், இது என் கொடி, என் மாடி, யாரும் பார்க்க வரவில்லை, ஆனாலும் பிழிய வரவில்லை, கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன், சொட்டுகிறது, சொட்டிய இடம் காய்ந்து வெள்ளையாகப் பூக்கிறது, கீழேயிருந்து, என்ன, சட்டையைப் பிழியலியா, ஜன்னல்ல சொட்டுது என்கிறார், அந்தக் குரல், நேற்று விழாவுக்கு இன்ஜினியர் குலசேகரன் சாரும் வந்திருந்தார், எப்போதோ ஓய்வு பெற்றவர், என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், எங்க வீட்டு டம்ளரும் அப்படித்தாம்மா இருக்கும், திருநின்றவூர், நானும் தினம் ரயில்ல வந்து போனவன்தான், அதான் நீங்க கையை முந்தானைக்குள்ள ஒளிச்சதைப் பார்த்ததும் காப்பாத்தணும்னு தோணிச்சு, தப்புப் பண்ணிட்டேனோன்னு இத்தனை வருஷமா ஒரு உறுத்தல் என்றார், என்ன சார் தப்பு, தெய்வம் மாதிரி பண்ணினீங்க என்றேன், அவர் மேடையைப் பார்த்தார், அங்கே என் புருஷன் சால்வைக்குள் சின்னதாக உட்கார்ந்திருந்தார், அந்தப் புகாரைப் பதிவு பண்ணி எனக்குப் போட்டுக்காட்டினாங்கம்மா, பேர் சொல்லல, அந்த ஆள் இங்க இல்லை சார், கூடுவாஞ்சேரியில இருக்கான், அந்தப் பக்கமே மாத்திவிடுங்க, பொண்டாட்டி புள்ளையோட இருக்கட்டும்னு மட்டும் சொல்லியிருந்தது, எனக்குத் தெரியாதா அந்தக் குரலை, தினமும் விடியக்காலையில எனக்கு போன் பண்ணி, திறந்தாச்சு சார்னு சொல்ற குரல்.